நரியின் குரல் குழைய வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களும், அந்த வயதுப் பிள்ளைகளின் பெற்றோர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்ட ஒரு பிள்ளையிடம், பாட்டி வடை சுட்ட கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். காகம் வடையைத் தூக்குவதும், நரி அதைப் பார்ப்பதும், ‘உன் குரல் எவ்வளவு இனிமை!’ என்பதும் ஒரே குரலில் வரும். இல்லையென்றால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓர் இழுப்பு, வகுப்பே சேர்ந்து போடும் அந்த ராகம். அதே பிள்ளையை மாலையில் தெருவில் பாருங்கள். ‘டேய், அவன் என்ன சொன்னான் தெரியுமா?’ என்று மூன்று பேர் குரலில் பேசிக் காட்டும். ஏற்ற இறக்கம் அதற்கு நன்றாகவே தெரியும். புத்தகத்தைத் திறந்ததும் அது எங்கே போகிறது?

புத்தகத் தமிழ் பிள்ளையின் வாய்க்குப் பழகிய தமிழ் இல்லை. வீட்டில் ‘வந்துச்சு’, ‘போயிடுச்சு’. பாடத்தில் ‘வந்தது’, ‘சென்றது’. கோபத்திலோ ஆசையிலோ யாராவது ‘சென்றது’ என்று சொல்லி அது கேட்டிருக்குமா? காதில் விழாத சொல்லுக்குக் குரல் எங்கிருந்து வரும்?

அதனால் முதலில் கதையைப் பிள்ளையின் பேச்சிலேயே சொல்ல விடுங்கள். ‘நரி எப்படிச் சொல்லுச்சு? சொல்லிக் காட்டு.’ குழைந்து குழைந்து சொல்லும். ‘ஏன் அப்படிக் கொஞ்சுது?’ ‘அதுக்கு வடை வேணும்ல!’ சரி, இப்போது புத்தகத்தைத் திறந்து அந்த வரியை அதே குழைவோடு படிக்கச் சொல்லுங்கள். நரி ஏமாற்றுகிறது என்று புரிந்த பிள்ளைதான் அந்த வரிக்கு உயிர் கொடுக்கும். ‘உணர்ச்சியோடு படி’ என்று அதட்டினால் சத்தம்தான் கூடும்.

நிறுத்திப் படிப்பதும் இப்படித்தான். கரும்பலகையில் ‘பாட்டி கதை சொல்லு’ என்று எழுதுங்கள். ‘பாட்டி’க்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தினால் பேரன் பாட்டியிடம் கதை கேட்கிறான். சேர்த்துப் படித்தால் பாட்டியைப் பற்றிய கதையைக் கேட்கிறான். ஓலைச்சுவடியில் காற்புள்ளி கிடையாது, கேள்விக்குறி கிடையாது. பொருள் புரிந்தவர்தான் பிரித்துப் படிக்க முடிந்தது. தமிழில் பாதி உணர்ச்சி சொல்லின் கடைசி எழுத்திலேயே இருக்கிறது: வந்தான், வந்தானா, வந்தானே, வந்தானோ, வந்தானாம். இந்த ஐந்தையும் சொல்லச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டு. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயர் தன் அளவைத் தாண்டி நீளும் என்று தொல்காப்பியம், கூப்பிடும் முறையைப் பேசும் விளிமரபு என்ற பகுதியில் சொல்கிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் அண்ணனை எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டுப் பாருங்கள், அந்த இலக்கணம் வகுப்பறையில் கேட்கும்.

சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரத் தமிழ்நாடு அரசு 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் கதைக்கும் பாட்டுக்கும் பொம்மைக்கும் வகுப்பில் இடம் கொடுத்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கூச்சப்படும் பிள்ளையின் விரலில் ஒரு காகிதப் பொம்மையை மாட்டிவிட்டால், பேசுவது நரிதானே என்ற தைரியம் வந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் படித்துக் காட்ட வேண்டும். உங்கள் குரலில் பயமும் ஆசையும் கேட்காத பிள்ளை வேறு யாரிடம் கேட்கும்? அப்புறம், ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி படிக்க விடுங்கள். முதல் முறை கவனம் முழுக்க எழுத்தில்தான் இருக்கும். எழுத்துப் பழகிய பிறகுதான் குரலுக்கு வேலை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு வரியை ஆசையாகப் படித்துக்கொண்டிருக்கும்போது ழகரம் தவறிவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். வரி முடியட்டும், பக்கமும் முடியட்டும். ழகரத்துக்கு நாளைக் காலையில் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளலாம்.