இன்ஜலக் குன்றுக்குப் போகும் முன்

அவையோருக்கு வணக்கம். பூர்வகுடி மக்களின் பாறை ஓவியங்களைப் பார்க்க இன்ஜலக் குன்றுக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆஸ்திரேலியாவின் வடக்கே, டார்வினிலிருந்து கிழக்கே சுமார் 250 கி.மீ. போனால் ஜபிரு என்ற சிற்றூர். அங்கிருந்து 40 கி.மீ. தொலைவில் உபிர். உபிர் வரை தார்ச்சாலை, மழையில்லாக் காலத்தில் சாதாரண கார் போதும். உபிரின் ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு ககாடு பூங்காவின் நுழைவுச்சீட்டே போதும். ஆற்றுக்கு அக்கரையில் குன்பலன்யா ஊரும் அதை ஒட்டிய இன்ஜலக் குன்றும் இருக்கின்றன. சிக்கல் அந்த ஆற்றில்தான்.

ஈஸ்ட் அலிகேட்டர் என்று பெயர். அலிகேட்டர் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் உப்புநீர் முதலை, அதுவும் ஏராளம். கேஹில்ஸ் கிராஸிங் என்ற இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே வண்டிகள் கடக்க ஒரு தாழ்ந்த கான்கிரீட் தளம், அவ்வளவுதான். கடல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தாலும் ஓதம், அதாவது கடலின் ஏற்றநீர், இங்கே வரை ஏறிவந்து நீரோட்டத்தையே திருப்பிவிடும். கூடவே மீன் வரும்; மீனுக்காக முதலைகள் வரிசை கட்டும்.

டார்வின் துறைமுகத்து ஓத அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறுவார்கள். நீர் இங்கே வந்து சேரப் பல மணி நேரம் பிந்தும். இந்தத் துறைக்கென்றே உள்ள அட்டவணையைப் பாருங்கள். போகும் நேரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நேரத்தை மறப்பவர்கள்தான் அதிகம். நம் ஊர்ப் பழக்கத்தில் ஓர் ஆளை இறக்கி ஆழம் பார்ப்பது இங்கே ஆகவே ஆகாது. கரையில் நடப்பட்ட அளவுக்கம்பமே கணக்கு. கலங்கல் நீரில் தளத்தின் ஓரம் தெரியாது. ஓட்டம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஃபோர் வீல் டிரைவ் இருந்தாலும் வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். நீருக்குள் இறக்கிய வண்டிக்குப் பெரும்பாலும் காப்பீடு செல்லாது.

அக்கரை ஆர்னம் லேண்ட். 1976ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின்படி அது பூர்வகுடி மக்களின் சொந்த நிலம். ஆகவே அவர்களின் நில உரிமை அமைப்பான நார்தர்ன் லேண்ட் கவுன்சிலின் அனுமதிச்சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். மதுவுக்குக் கட்டுப்பாடு உண்டு. பெட்டியில் ஒரு பாட்டில்கூட வேண்டாம். குன்றில் தனியாக ஏற முடியாது. குன்பலன்யாவில் உள்ள இன்ஜலக் கலை மையத்தின் வழிகாட்டியோடுதான் ஏற வேண்டும்.

ஏற்றம் செங்குத்தாக இருக்கும்; சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். பத்து மணிக்குமேல் மணற்கல் சூடேறிவிடும், காலையிலேயே கிளம்புங்கள். தண்ணீரைக் கையில் பிடிக்காமல் முதுகுப்பையில் வையுங்கள். உள்ளூர்ப் பினின்ஜ் மக்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிப்பார்கள்; அதில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வுர்கெங் குளிர்ந்த பருவம், அதுவே நமக்கு உகந்தது. மழைக்காலத்தில் பாதைகளே மூழ்கிவிடும்.

இனி பாறைக்கு வருவோம். ஒரே சுவரில் சிவப்பு பளிச்சென்று நிற்க, வெள்ளை செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். காரணம் வண்ணத்தின் தன்மை. செங்காவியின் இரும்புச்சத்து கல்லுக்குள் ஊறிக் கறையாகிவிடும். வெள்ளை மண் மேலே அப்பிய பூச்சாகவே நிற்கும். உள்ளுறுப்பும் எலும்பும் தெரிய வரைந்த மீனில் வெள்ளை உடல் போய்ச் சிவப்புக் கோடு மட்டும் மிஞ்சுவது இதனால்தான். விரலால் தொட்டால் மிச்சமும் உதிரும். தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பது அதைவிடக் கேடு. கால்தூசியும் சுவரில் படியும், மெதுவாக நடங்கள்.

வயதை ஓவியமே ஓரளவு சொல்லும். உபிரில் தைலசின் என்னும் வரிவிலங்கின் ஓவியம் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அது அழிந்து சுமார் மூவாயிரம் ஆண்டுகள் இருக்கும். துப்பாக்கி வரைந்திருந்தால் அது வெள்ளையர் வந்த காலத்தது. இன்னொரு பக்கம், ககாடுவின் அன்பாங்பாங் குகையில் பல உருவங்களை நஜொம்பொல்மி என்ற ஓவியர் 1960களில்தான் புதிதாகத் தீட்டினார். ‘அப்படியானால் அது பழையதில்லையே’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பழைய உருவத்தின்மேல் உரியவர் மறுபடி தீட்டுவது அங்கே மரபு. கோயிலில் கும்பாபிஷேகம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாமல் போகக் கூடாது.

மங்கிய படங்களைப் பார்க்க டிஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருள் உதவும். புகைப்படத்தின் வண்ண வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டும். பாறைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் வழிகாட்டி ஓர் இடத்தில் “இங்கே படம் வேண்டாம்” என்றால் கேமராவை மூடிவிடுங்கள். காரணம் கேட்க வேண்டாம். சொல்லக்கூடியதாக இருந்தால் அவரே சொல்வார்.