கார் படம் ஏன் மங்கலாகிறது? ஷார்ப்பாக எடுப்பது எப்படி?

[திரையில்: கேமராவில் தெளிவாகத் தெரியும் கார், அதே படம் கணினியில் மங்கலாக]

கேமராவின் சின்னத் திரையில் பளிச்சென்று இருந்த கார், கணினியில் திறந்ததும் மங்கிப்போகிறதா? லென்ஸைக் குறை சொல்லும் முன், படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கார், தரை, பின்சுவர் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை. சுவர் தெளிவாக இருந்து, கார் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் திரை திறந்து மூடும் வேகம், போதவில்லை. எதுவும் இழுபடவில்லை, ஆனால் காருக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள பொருள்தான் தெளிவாக இருக்கிறதென்றால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது.

கை ஆட்டத்தைச் சரிசெய்வது எளிது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஷட்டர் 1/50 நொடியைவிட மெதுவாகப் போகக்கூடாது. 1/100 வைத்தால் இன்னும் நிம்மதி. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 800 வரை ஏற்றத் தயங்காதீர்கள். கொஞ்சம் நாய்ஸ், அதாவது புள்ளிப்புள்ளியான கரகரப்பு, வந்தால் பிறகு குறைக்கலாம், இழுபட்ட படத்தை நிமிர்த்துவது கடினம்.

[திரையில்: கார் கதவில் தெரியும் மரத்தின் பிம்பம்]

அதிகம் பேர் சறுக்குவது ஃபோகஸில்தான். பாலிஷ் போட்ட கதவு கிட்டத்தட்ட ஒரு கண்ணாடி. ஆட்டோஃபோகஸுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது விளிம்பு வேண்டும். வெறும் பெயின்ட்டில் அது கிடைக்காததால், கதவில் தெரியும் மரத்தின் பிம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். பிம்பம் கதவைவிடத் தொலைவில் இருப்பதாகவே லென்ஸுக்குக் கணக்கு. அதனால் மரம் தெளிவாகும், கதவு மங்கும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்கு அருகிலுள்ள ஹெட்லைட்டின் விளிம்பிலோ நம்பர் பிளேட் எழுத்திலோ வையுங்கள்.

லென்ஸின் துளையான அப்பெர்ச்சரும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது. எஃப் எண் குறைந்தால் துளை பெரிது, கூடினால் சிறிது. அதே 50 மில்லிமீட்டர் லென்ஸில், 3 மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். ஹெட்லைட் தெரியும், பின்கதவு கரைந்துவிடும். 6 மீட்டர் தள்ளி நின்று எஃப் 8 வையுங்கள். மூலையிலிருந்து எடுத்தாலும் முழுக் காரும் அடங்கும். இன்னும் தெளிவு வேண்டுமென்று எஃப் 22-க்குப் போகாதீர்கள். துளை அவ்வளவு சிறிதானால் ஒளி சிதறி, படம் முழுவதும் மென்மையாகிவிடும்.

[திரையில்: சாலையில் பக்கவாட்டில் செல்லும் கார்]

ஓடும் கார். 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் 1/100 திறந்திருக்கும் நேரத்தில் 10 சென்டிமீட்டர் ஓடிவிடும். 1/1000 வைத்தால் 1 சென்டிமீட்டர்தான், கார் உறைந்து நிற்கும். ஆனால் சக்கரமும் சேர்ந்து உறைவதால், நிறுத்தி வைத்த கார் போலத் தெரியும். ஓட்டம் தெரிய வேண்டுமென்றால் பேனிங் செய்யுங்கள், அதாவது காரோடு சேர்ந்து கேமராவையும் திருப்பியபடியே எடுங்கள்.

ஷட்டர் 1/125, தொடர் ஃபோகஸ் (நகரும் காரை விடாமல் பின்தொடரும் ஃபோகஸ்), தொடர் கிளிக். சாலையை விட்டுத் தள்ளி, பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள். படம் எடுக்க நினைக்கும் இடத்தை நோக்கிப் பாதங்களை வைத்துக்கொண்டு, இடுப்பை மட்டும் கார் வரும் பக்கம் திருப்புங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். காரைப் பின்தொடர்ந்தபடியே அழுத்துங்கள். கிளிக் முடிந்த பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள், பெரும்பாலான படங்கள் கெடுவது அங்கேதான். பத்தில் இரண்டு மூன்று தேறினாலே நல்ல தொடக்கம். பிறகு 1/60-க்கு இறங்கலாம். காரின் மூக்கு தெளிவாக இருந்து வால் மங்கினால், மிக அருகில் நிற்கிறீர்கள். பின்வாங்கி, நீளமான லென்ஸில் எடுங்கள்.

[திரையில்: மதிய வெயிலில் தார்ச்சாலை மேல் நெளியும் காற்று]

எல்லாம் சரியாக வைத்தும் கார் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிகிறதா? அது தார்ச்சாலையிலிருந்து எழும் சூடான காற்று. நீண்ட லென்ஸில் தூரத்திலிருந்து எடுத்தால் இன்னும் பெரிதாகத் தெரியும். இதற்கு எந்த செட்டிங்கும் உதவாது. காருக்கு அருகில் போங்கள், இல்லையென்றால் தார் சூடேறும் முன் காலையில் எடுங்கள்.