கொறங்காட்டு அப்பாரு: கிளுவை வேலிக்குள் ஒரு வாழ்க்கை

[காட்சி: கிளுவை வேலி, தூரத்தில் சிவன்மலை]

வணக்கமுங்க. எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, ஆயுசு முழுக்க ஆடும் மாடும் மேய்த்தவர். அவர் கதையை எழுத உட்கார்ந்தால் பக்கத்துக்குப் பக்கம் கொறங்காடுதான் வருகிறது. அதனால் காட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கமெல்லாம் மழை குறைவு. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. வருசத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். இந்தச் சரளை மண்ணில் வெள்ளாமையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் சொந்தப் பட்டா நிலத்தையே வேலி கட்டி மேய்ச்சலுக்கு விட்டார்கள். அதுதான் கொறங்காடு.

[காட்சி: வேலி, புல், மரம்]

வேலிக்குக் கிளுவை. போத்தை, அதாவது கிளையை, வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும். தரையில் கொழுக்கட்டைப்புல். நிழலுக்கு வெள்வேலான். கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய்தான் ஆட்டுக்குத் தீனி. புழுக்கையோடு விழும் விதை அடுத்த மரமாக முளைக்கும்.

[காட்சி: சாத்தியிருக்கும் கடவு]

இனிமேல்தான் கஷ்டமான வேலை. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்துக்கொண்டே மற்றதை ஆறப் போட வேண்டும். மழை பெய்து புல் முழங்கால் உயரம் பச்சையாக நிற்கும். மாடு கடவுப் பக்கம், அதாவது வேலி வாசலில், வந்து நின்று கத்தும். அப்பாரு திறக்க மாட்டார். புல் பூத்து விதை உதிர்ந்தால்தான் அடுத்த மழைக்கும் காடு இருக்கும். அதுவரை விலை கொடுத்துச் சோளத்தட்டு வாங்கிப் போட்டாவது சமாளிப்பார். ஆத்தா சத்தம் போட்டால், "மழைய ஆண்டவன் பாத்துக்குவான், விதைய நாமதான் பாக்கோணும்" என்பார். அவருடைய பக்தியை நான் அந்தக் கடவில்தான் பார்த்தேன்.

அந்த ஆண்டவன் சிவன்மலை முருகன். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஒரு பக்தர் கனவில் முருகன் ஏதாவது ஒரு பொருளைச் சொல்ல, சாமியிடம் பூக்கேட்டு உறுதி செய்தபின் அதைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அப்படியே இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள் எல்லாம் வந்திருக்கின்றன. என்ன வந்திருக்கிறது என்று விசாரிக்காமல் அப்பாரு சந்தைக்கே போகமாட்டார்.

[காட்சி: மாட்டுப் பட்டி, ஆவாரம்பூ]

எங்களுக்கெல்லாம் பெரிய நாள் பட்டிப் பொங்கல். பட்டிக்குள்ளேயே சாணத்தால் சின்னத் தெப்பக்குளம் கட்டி, ஆவாரம்பூ வைத்து, தண்ணீர் நிரப்பி, மாட்டை விட்டு மிதிக்க வைப்போம். "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று வீடே சேர்ந்து கூவும். செவலையாகப் பிறந்து, ஆறு மாதம் போல் ஆனதும் சாம்பல் நிறத்துக்கு மாறும் காங்கேயம் கன்றுக்கும் அன்றைக்கு மாலை உண்டு. வெளியூரில் இருக்கும் பெரியப்பா, அத்தை எல்லோரும் வந்துவிடுவார்கள்.

அப்புறம் பாகம் பிரிந்தது. பங்கு சின்னதாகும்போது ஆறப் போட இடம் மிஞ்சுவதில்லை. விதை உதிருமுன்னே கடவு திறந்துவிடுகிறது. பல கொறங்காடுகள் வீட்டுமனையாகிவிட்டன, சில இடத்தில் காற்றாலை சுற்றுகிறது. எனக்கு அது வலிக்கிறது. அதனால்தான் இதைப் பதிவு செய்கிறேன்.

உங்கள் வீட்டிலும் கொறங்காடு வைத்திருந்தவர்கள் இருந்தால், போனை எடுத்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். எந்த மாதம் எந்தக் கடவைத் திறந்தீர்கள், பஞ்ச வருசத்தில் எதை விற்றீர்கள், எதை விற்க மனசு வரவில்லை என்று கேளுங்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போன கதையைக் கட்டாயம் கேளுங்கள். சித்திரையில் மாரியம்மன் தேரோடு கூடும் சந்தை அது. மாடு வாங்கிய வருசத்தை வைத்துத்தான் எங்கள் அப்பாரு பிள்ளைகளின் வயசையே சொல்வார்.