அழும் குழந்தையும் அம்மாவின் சுபாவமும்

இளம் தாய்மார்களே, அவர்களுக்குத் துணையாக வந்திருக்கும் அம்மாமார்களே, மாமியார்களே, வணக்கம்.

பிள்ளை வீறிட்டு அழும்போது ஒரு பெண் என்ன செய்கிறாள் என்பதை வைத்து அவள் பாசத்தை எடைபோடுவது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். அந்த நேரத்தில் முந்திக்கொண்டு வருவது அவளுடைய சுபாவம்.

எளிதில் பதறுகிற பெண்ணைப் பாருங்கள். இரவு இரண்டு மணி, ஆறு வாரக் குழந்தை. பால் கொடுக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உடனே தோளில் போடுகிறாள். ஏப்பம் வருவதற்குள் தூளியில் கிடத்துகிறாள். இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடி தூக்கி, முகத்துக்கு நேரே கிலுகிலுப்பையை ஆட்டுகிறாள். எல்லாமே சரியான வைத்தியம்தான். எதையும் இரண்டு நிமிஷம் நீடிக்க விடவில்லை. 'எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லையோ, பக்கத்து அறையில் என்ன நினைப்பார்களோ' என்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தை தன் கையைச் சப்பத் தேடுவது அவள் கண்ணில் படவே இல்லை. நிதானமானவளுக்கு அது பட்டுவிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒழுங்கில் கண்டிப்பானவர்கள் வேறு மாதிரி. தூக்கினால் கைப்பழக்கம் ஆகிவிடும், அழுது ஓயட்டும் என்பார்கள். அமெரிக்காவில் சில்வியா பெல், மேரி எயின்ஸ்வொர்த் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 26 குழந்தைகளை முதல் வருஷம் முழுக்க வீட்டுக்கே போய்க் கவனித்து, 1972-இல் எழுதினார்கள். ஆரம்ப மாதங்களில் அழுதவுடன் கவனிக்கப்பட்ட பிள்ளைகள், வருஷக் கடைசியில் குறைவாகவே அழுதன. அவர்கள் கணக்கிட்ட முறையைப் பின்னால் மறுத்தவர்களும் உண்டு. ஆனாலும் கைக்குழந்தையைத் தூக்கி யாரும் கெடுத்துவிட முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, பதறுகிறவளின் சுபாவத்தை மாற்ற முடியுமா? மாற்றவே வேண்டாம். நெதர்லாந்தில் டிம்ஃப்னா வான் டென் பூம் என்ற ஆய்வாளர், 1994-இல் வெளியான ஆய்வில், வசதி குறைந்த 100 தாய்மார்களை எடுத்துக்கொண்டார். எல்லாமே பிறந்ததிலிருந்து சிணுங்குகிற பிள்ளைகள். பாதிப் பேருக்கு, பிள்ளையின் ஆறாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையே, வீட்டிலேயே 3 முறை பயிற்சி. குழந்தை காட்டும் சைகையைக் கவனிக்கவும், எதில் அது அடங்குகிறதோ அதிலேயே நிலைத்திருக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வயதில் பார்த்தால், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவை அம்மாவை நாடி ஆறுதல் அடைந்தன. பயிற்சி கிடைக்காத வீடுகளில் அப்படிப்பட்டவை குறைவு.

நம் ஊரில் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். எடை பார்க்கிறார், தடுப்பூசித் தேதி சொல்கிறார். கூடவே பத்து நிமிஷம், அந்த வீட்டு இளம் தாய் பிள்ளையை அமர்த்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அவருக்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர்களே, "கொடு, உனக்குத் தெரியாது" என்று பிள்ளையைப் பிடுங்காதீர்கள். அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளை அவள் மடியில் இருக்கட்டும். ஆனால் வாரக்கணக்கில் அவள் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், பிள்ளை அழுதாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தால், அதைச் சுபாவம் என்று விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.