லத்தியைவிடக் குடை மேல்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் காக்கிச்சட்டைப் பிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சிரிக்க வைக்கும் கொலைக் கதையில் துப்பறிய ஏற்றவர் போலீஸ் இன்ஸ்பெக்டரா, பள்ளிக்கூட டீச்சரா? இதுதான் தலைப்பு. முன்னால் பேசிய நண்பர் மேசையைத் தட்டிக் கேட்டார்: "டீச்சரிடம் வாரண்ட் இருக்கிறதா? கைவிலங்கு இருக்கிறதா?" இல்லைதான் ஐயா. அதனால்தானே சிரிப்பு வருகிறது! கைவிலங்கோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால் உங்களுக்குச் சிரிப்பா வரும்?

ஸ்டூவர்ட் பால்மர் 1931இல் எழுதிய 'பெங்குவின் பூல் மர்டர்' நாவலைப் பாருங்கள். அடுத்த ஆண்டே படமாகவும் வந்தது. நியூயார்க் பேட்டரி பார்க்கில் அப்போது இருந்த மீன் காட்சியகத்துக்கு, ஹில்டகார்ட் விதர்ஸ் என்ற டீச்சர் பிள்ளைகளை அழைத்து வருகிறார். பிக்பாக்கெட் ஒருவன் தப்பி ஓடுகிறான். டீச்சர் அலட்டிக்கொள்ளாமல் குடையை நீட்டுகிறார். ஆள் குப்புற விழுகிறான். அப்புறம் அவருடைய தொப்பி ஊசி காணாமல் போகிறது, பிள்ளைகள் தேடுகிறார்கள். பார்த்தால், பெங்குவின் தொட்டியில் ஒரு பங்குத் தரகரின் பிணம்!

சுருட்டும் கையுமாக வருகிறார் இன்ஸ்பெக்டர் ஆஸ்கர் பைப்பர். மணி அடித்த பிறகு வகுப்புக்கு வந்த பையனை நடத்துவது போலத்தான் டீச்சர் அவரை நடத்துகிறார். திரையில் டீச்சராக நடித்த எட்னா மே ஆலிவர் முறைக்கும்போது, நாற்காலியில் சாய்ந்திருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொலைகாரன் யார் என்று சொல்ல மாட்டேன், படம் பார்க்காதவர்கள் சாபம் எனக்கு வேண்டாம்.

சரி, சிரிப்பு இருக்கட்டும், மூளை? நடுவர் அவர்களே, நீங்களும் விடைத்தாள் திருத்தியவர்தான். இரண்டு தாளில் ஒரே சரியான விடை இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. 'பாபரின் மகன் அக்பர்' என்று முன் பெஞ்சுக்காரன் எழுதி, பின் பெஞ்சுக்காரனும் அதையே எழுதியிருந்தால்? அதிலும் பாபர் இரண்டு தாளிலும் 'பாப்பர்' ஆகியிருந்தால்? கைரேகை நிபுணரா வர வேண்டும்? சாட்சிகள் ஒரே பொய்யை ஒரே வார்த்தையில் சொன்னால் இன்ஸ்பெக்டர் 'வாக்குமூலம் பொருந்துகிறது' என்று எழுதிக்கொள்வார். டீச்சர் சிவப்பு மையால் சுழிப்பார். லீவு லெட்டரில் ஒரே பாட்டி வருஷத்துக்கு மூன்று முறை இறப்பதை விசாரித்துப் பழகியவர் ஐயா அவர்!

நிஜக் கொலை என்றால் நானும் 100க்குத்தான் போன் போடுவேன். இங்கே பேச்சு கதையைப் பற்றி.

1934இல் வந்த அடுத்த படம் 'மர்டர் ஆன் த பிளாக்போர்டு'. இந்த முறை கொலை விதர்ஸ் டீச்சருடைய பள்ளிக்கூடத்திலேயே. இறந்தவர் பாட்டு டீச்சர். கரும்பலகையில் இருந்த இசைக் குறிப்பைத் துப்பாக எடுத்துக்கொள்ள, தினமும் கரும்பலகை முன்னால் நிற்கிறவருக்குத்தானே தோன்றும்?

நண்பருக்கு ஒரு கேஸ் கொடுத்துவிட்டு உட்காருகிறேன். முதல் படத்தின் முடிவில் இன்ஸ்பெக்டர் டீச்சரைக் கல்யாணத்துக்குக் கேட்கிறார். அடுத்த படத்தில் பார்த்தால், அவர் இன்னும் மிஸ் விதர்ஸ்தான். அந்தக் கல்யாணம் எங்கே காணாமல் போனது என்று எதிரணித் தலைவர் துப்பறிந்து சொல்லட்டும்!