புண் ஆறிய மறுநாள்

(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில், தோல் நோய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு பையனுடைய நகத்திலிருந்து தொடங்குகிறேன். நான் பணியில் இருந்தபோது ஒரு தாய் தன் ஏழு வயது மகனை அழைத்துவந்தார். நல்ல கோடை. பையனுக்கோ முழுக்கைச் சட்டை. என்ன தொந்தரவு என்று நான் கேட்பதற்கு முன்பே அவன் விரல்கள் கண்ணில் பட்டன. பத்து நகமும் மெருகு ஏற்றியதுபோல் பளபளவென்று மின்னின. நான் பார்ப்பதைக் கண்டு, "நெயில் பாலிஷ் எல்லாம் போடுவதில்லை சிஸ்டர்" என்றார் அந்த அம்மா. இரவும் பகலும் தோலில் தேய்த்துத் தேய்த்து ஏறிய மெருகு அது. சட்டையைக் கழற்றினோம். முழங்கை மடிப்பில் தோல் தடித்து, கறுத்து, வரிவரியாகக் கிடந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஆறாம் மாதத்திலிருந்து. மருந்து போட்டால் போய்விடுகிறது சிஸ்டர், விட்டால் வந்துவிடுகிறது."

இதே வார்த்தைகளை எத்தனையோ தாய்மார் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். இன்று நான் பேசப்போவது முழுவதும் அதில் வரும் "விட்டால்" என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான். புண் ஆறிய மறுநாள் நாம் எதையெல்லாம் விடுகிறோம்?

நம் வீடுகளில் இதைக் கரப்பான் என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் வேறு சில தோல் நோய்களும் அடங்கிவிடும். மருத்துவர் சீட்டில் அடாபிக் டெர்மடைட்டிஸ் என்றோ எக்சிமா என்றோ எழுதுவார். கைக்குழந்தைக்குக் கன்னத்தில் தொடங்கும். வளரும் பிள்ளைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறமும் குடியேறும். பெரியவர்களுக்குக் கழுத்து, கை, கண் இமை. குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமாவோ விடாத தும்மலோ இருப்பதும் வழக்கம். இது தொட்டால் ஒட்டாது. ஆசிரியர்கள் யாராவது இங்கே இருந்தால், அந்தப் பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

புத்தகங்களில் "தோல் சிவக்கும்" என்று போட்டிருக்கும். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு பல நேரம் தெரியாது. சாம்பல் பூத்ததுபோல் இருக்கும், அல்லது கறுத்துச் சொரசொரக்கும். சிவப்பைத் தேடிக் காணாமல் "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுகிறோம். கன்னத்தில் வெளிறிய திட்டு வந்தால் தேமல் என்போம், இல்லாவிட்டால் வயிற்றில் பூச்சி என்று பூச்சி மருந்து கொடுப்போம். வறண்ட தோலுள்ள பிள்ளைகளுக்கு வரும் அந்தத் திட்டு, பெரும்பாலும் இந்தக் கரப்பானின் தம்பி முறை.

நோயின் வேர் எங்கே இருக்கிறது? தோலின் மேலடுக்கு கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் மாதிரி. உயிரணுக்கள் கல், நடுவில் உள்ள கொழுப்பு சாந்து. இந்தச் சுவரைக் கெட்டியாக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் ஒன்று உண்டு. அதற்கான மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு இந்த நோய் எளிதில் வருகிறது என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். எல்லோருக்கும் காரணம் அது ஒன்றே என்று சொல்ல முடியாது. ஆனால் சாந்து உதிர்ந்த சுவரில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் சோப்பும் உள்ளே போகும் என்பது எல்லோருக்கும் பொது. உள்ளே போனதோடு உடம்பு சண்டை போடுகிறது. அரிக்கிறது. சொறிகிறோம். சொறியச் சொறியச் சுவர் இன்னும் இடிகிறது.

மேலே உள்ள புண் ஆறிய நாளிலும் அந்தச் சுவரில் விரிசல் இருக்கத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் நாம் களிம்பை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

அந்தத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்ததை வரிசைப்படி உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் குளியல். தினமும் குளிக்கலாம். ஆனால் ஆவி பறக்கும் வெந்நீர் வேண்டாம். கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும், ஐந்திலிருந்து பத்து நிமிடம் போதும். தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. சாதாரணக் குளியல் சோப்பு காரம். அதை உடம்பு முழுக்க நுரை பொங்கத் தேய்த்தால் மிச்சமிருக்கும் சாந்தும் கரைந்துபோகும். வாசனை இல்லாத, காரமில்லாத கழுவும் திரவம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு, மற்ற இடத்துக்குத் தண்ணீர். பீர்க்கங்கூடும் நாரும் இந்தப் பிள்ளைகள் பக்கமே வரக்கூடாது.

"சோப்பு வேண்டாம், கடலை மாவு போடுகிறோம், நலங்கு மாவு போடுகிறோம்" என்று பாட்டிமார் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் விரிசல் விட்ட தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் உடம்பு அதைப் பகையாகப் பழகிக்கொள்ளக் கூடும். ஜப்பானில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பு ஒன்றைப் பயன்படுத்தியவர்களில் 2,000 பேருக்கு மேல், அதன்பின் கோதுமை சாப்பிட்டால் ஒவ்வாமை வரும் நிலைக்கு ஆளானார்கள். நன்றாக உள்ள தோலுக்கு நலங்கு மாவு இருக்கட்டும். கரப்பான் உள்ள பிள்ளைக்குத் தானிய மாவும் பயறு மாவும் தட்டில் மட்டும் இருக்கட்டும்.

குளித்து முடித்தபின் வரும் மூன்று நிமிடத்தைத்தான் நான் மிகவும் முக்கியமாகச் சொல்வேன். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் மெல்லிய ஈரம் இருக்கும்போதே, ஈரத்தைக் காக்கும் பூச்சான மாய்ஸ்சரைசரைப் பூசிவிடுங்கள். தலை துவட்டி, சாமி கும்பிட்டு, சட்டையைத் தேடி எடுத்து, பிறகு பூசலாம் என்றால் அந்த ஈரம் போய்விட்டிருக்கும். டப்பா குளியலறை வாசலிலேயே இருக்க வேண்டும். மயிர் வளரும் திசையில், மேலிருந்து கீழாகத் தடவுங்கள். டப்பாவுக்குள் விரலை விடாமல் ஒரு சுத்தமான கரண்டியால் எடுங்கள். விரலோடு கிருமியும் உள்ளே போகும்.

எவ்வளவு பூசுவது? இங்கேதான் எல்லோரும் தவறுகிறோம். உடம்பு முழுக்க வறண்ட ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு 250 கிராம் வரை தேவைப்படும். நாமோ 50 கிராம் டியூபை இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, பூசியும் கேட்கவில்லை என்கிறோம். விலை கட்டுப்படியாகாது என்பதை அறிவேன். அதனால்தான் சொல்கிறேன், விளம்பரத்தில் வரும் சீமை லோஷன்தான் வேண்டும் என்பதில்லை. வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி போதும். தேங்காய் எண்ணெயும் உதவும். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வு ஒன்றில், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலைவிடத் தூய தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தந்தது. சிலர் ஆலிவ் எண்ணெய் ஒசத்தி என்று வாங்கிப் பூசுகிறார்கள். அது தோலின் சுவரைப் பலவீனப்படுத்துகிறது, வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: பெட்ரோலியம் ஜெல்லி ஊறிய துணி தீயை வேகமாகப் பிடிக்கும். பூசிய பிள்ளை குத்துவிளக்கு, அடுப்பு, மத்தாப்பு பக்கம் போகும்போது கண் வைத்திருங்கள்.

இதைத் தோல் நன்றாக இருக்கும் நாளிலும் காலை, மாலை இரண்டு வேளை செய்ய வேண்டும். பல் தேய்ப்பதற்கு நாம் பல்வலி வரும்வரை காத்திருப்பதில்லையே.

அடுத்தது ஸ்டீராய்டு களிம்பு. இதில் இரண்டு தவறு நடக்கிறது, இரண்டும் வேதனை. ஒன்று, மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு, வீரியமான ஸ்டீராய்டு கலந்த டியூபை வாங்கி மாதக்கணக்கில் பூசுவது. முகத்தில் அப்படிப் பூசித் தோல் காகிதம்போல் மெலிந்து, வெயிலில் நிற்க முடியாமல் எரிச்சலோடு வந்த இளம்பெண்களைப் பார்த்திருக்கிறேன். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்னும் வாங்குகிறோம். மற்றொன்று, ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதுமே பயந்து, மருத்துவர் கொடுத்த மருந்தையும் குப்பையில் போடுவது. புண்ணோடும் தூக்கமில்லாமலும் பிள்ளை கிடக்கும். சரியான வீரியத்தில், சரியான இடத்தில், சொன்ன நாள்வரை பூசினால் அது நல்ல மருந்து. புண் ஆறியபின், அடிக்கடி வரும் இடங்களில் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள் பூசச் சொல்லும் முறையும் இருக்கிறது. மருத்துவர் அப்படிச் சொன்னால் "அதுதான் ஆறிவிட்டதே" என்று நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கத்தரிக்காய், கருவாடு, இறால், முட்டை, வேர்க்கடலை எல்லாம் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கி, கடைசியில் ரசம் சோற்றில் மட்டும் வளர்ந்த பிள்ளைகளை எடை பார்க்கும் மேசையில் தூக்கி வைத்திருக்கிறேன். கை கூசும், அவ்வளவு இலேசாக இருப்பார்கள். கடுமையான நோயுள்ள சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே உணவு ஒவ்வாமை இருக்கிறது. ஒரு பொருளைச் சாப்பிட்ட சற்று நேரத்தில் உதடு வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், வாந்தி எடுத்தால் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதியுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் பட்டியல் போட்டு நிறுத்தக்கூடாது. லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. கடுமையான எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைகள் அவர்கள். வேர்க்கடலை உணவைச் சீக்கிரமே கொடுக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு, ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்தது. ஒதுக்கி வைத்தவர்களுக்குத்தான் அதிகம் வந்தது.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். "கர்ப்பமாக இருக்கும்போது நீ வாயைக் கட்டவில்லை, அதனால்தான் பிள்ளைக்கு இப்படி" என்று மருமகளிடம் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அருள்கூர்ந்து அதை நிறுத்துங்கள். பிரிட்டனில் 1,394 பச்சிளம் குழந்தைகளைத் தேர்ந்து, பாதிப்பேருக்கு முதல் ஒரு வருடம் தினமும் மாய்ஸ்சரைசர் பூசிப் பார்த்தார்கள். அப்படியும் நோய் வருவதைத் தடுக்க முடியவில்லை என்று 2020-இல் முடிவு வந்தது. வந்த நோயை ஆள மாய்ஸ்சரைசர் உதவுகிறது, வராமல் தடுக்க அதனாலும் ஆகவில்லை. அவ்வளவு கவனத்துக்கும் அடங்காத ஒன்றுக்கு ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா?

துணிமணி, தூசி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தி நல்லது. சரிகைக் கரை கழுத்தில் உரசக்கூடாது. சட்டைக் காலரில் உள்ள லேபிளை வெட்டிவிடுங்கள். தீபாவளிப் புதுத்துணியை ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள். வியர்த்தால் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி, மறுபடி பூசுங்கள். சாம்பிராணிப் புகை வேண்டாம். உப்புத் தண்ணீரால்தான் வருகிறது என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து நீர் மென்மையாக்கும் இயந்திரம் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் 336 பிள்ளைகளின் வீட்டில் அதைச் சோதித்து, கூடுதல் பலன் இல்லை என்று கண்டார்கள். அந்தப் பணத்துக்குப் பல மாதத்துக்கான களிம்பு வரும்.

பாதி வீடு இரவில்தான் தவிக்கிறது. அரிப்பு இரவில் ஏறும். காலையில் படுக்கை விரிப்பில் மாவு தூவியதுபோல் தோல் செதில், நடுவே ஊசி முனை அளவு இரத்தப் பொட்டுகள். பக்கத்தில் தூங்காத அம்மா. "சொறியாதே, சொறியாதே" என்று அவர் இரவெல்லாம் சொல்லியிருப்பார். சொல்லிப் பயனில்லை, பிள்ளையால் முடிந்தால் செய்யாதா? "செய்யாதே" என்பதை விட்டுவிட்டுக் கைக்கு வேறு வேலை கொடுங்கள். ஸ்வீடனில் 1980-களில் வகுத்த பயிற்சி இது. அரித்ததும் இரண்டு கையையும் முஷ்டியாக மூடிக்கொண்டு முப்பது எண்ண வேண்டும். பிறகும் அரித்தால் அந்த இடத்தை நகத்தால் கீறாமல் மெல்ல அழுத்த வேண்டும், அல்லது கிள்ள வேண்டும். பகலில் பழகினால் சில வாரத்தில் இரவிலும் சொறிவது குறையும். வாரம் ஒருமுறை நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தை மழுங்கத் தேய்த்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வீட்டு வைத்தியம் எதற்கும் காத்திருக்கக்கூடாது. கரப்பான் உள்ள தோலில் ஒரே அளவிலான கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, குழிக்குழியாகப் புண்ணாகி, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால், அது அக்கி வகை வைரஸ். காவி வைத்து அக்கி எழுதப் போகாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். உதட்டோரம் கொப்புளம் வந்திருக்கும் பெரியவர்கள் இந்தப் பிள்ளைகளை முத்தமிட வேண்டாம்.

அந்தப் பையன் நான்கு மாதம் கழித்து அரைக்கைச் சட்டையில் வந்தான். முழங்கை மடிப்பில் நிறம் இன்னும் திரும்பவில்லை, ஆனால் தோல் மெத்தென்று இருந்தது. நான் முதலில் நகத்தைத்தான் பார்த்தேன். மெருகு மங்கி, எல்லாப் பிள்ளைகளுடைய நகமும்போல் ஆகியிருந்தது. "இப்போது விட்டுவிடலாமா சிஸ்டர்?" என்று அம்மா கேட்பதற்குள் அவனே தன் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினான்.

மேசைமேல் ஒரு டியூப் வெறும் மாய்ஸ்சரைசர் வைத்திருக்கிறேன். மருத்துவர் கொடுக்கும் மருந்துக் களிம்பை அளக்க ஒரு கணக்கு உண்டு. பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் கணுவரை பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம், விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். எழுதினால் மறந்துவிடும், விரலில் பார்த்தால் நிற்கும். கேள்விகளுக்குப் பிறகு ஒவ்வொருவராக வாருங்கள், விரலை நீட்டுங்கள், அளந்து காட்டுகிறேன். பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள்.