ஓவல் மைதானத்திலிருந்து காம்தேவி வரை

வணக்கம் நேயர்களே. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கேட்வேயையும் ஹாஜி அலியையும் காட்டி அனுப்பிவிடுகிறோம். பெண்ணுரிமைக்காக நின்றவர்களின் தடமும் இதே மும்பையில் இருக்கிறது. அரை நாள் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் பல இடங்கள் அருங்காட்சியகம் அல்ல. நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் என இன்றும் வேலை நடக்கும் கட்டடங்கள். உள்ளே சுற்றிப் பார்க்கலாம் என்று போனால் வாசல் காவலரோடு வாதாடித் திரும்ப வேண்டியதுதான். கதையைத் தெரிந்துகொண்டு போய், வெளியே நின்று பாருங்கள்.

தாராவிக்காரர்கள் மாஹிமில் ஏறலாம். சயான் பக்கம் இருப்பவர்கள் தாதரில் வண்டி மாறி சர்ச்கேட் வாருங்கள். ஐந்து நிமிட நடையில் ஓவல் மைதானம். கிழக்கே பார்த்தால் 1878இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றம். உச்சியில் நீதிக்கு ஒரு சிலை, கருணைக்கு ஒரு சிலை. படம் எடுக்க மாலை வெளிச்சமே நல்லது, காலையில் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும்.

ருக்மாபாய் வழக்கு இங்கேதான் நடந்தது. 11 வயதில் மணம் முடித்துவைக்கப்பட்டவர், வளர்ந்தபின் கணவர் வீட்டுக்குப் போக மறுத்தார். 1884இல் கணவர் வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு நீதிபதி பின்ஹே அதைத் தள்ளுபடி செய்தார். பலர் கதையை இதோடு நிறுத்தி, நீதிமன்றம் அவரைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். அது தவறு. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. 1887இல் கணவரோடு போ, இல்லையேல் ஆறு மாதச் சிறை என்று உத்தரவு வந்தது. சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். கடைசியில் 1888இல் கணவர் 2,000 ரூபாய் வாங்கிக்கொள்ள, சமரசமாக முடிந்தது. இந்த வழக்கு கிளப்பிய விவாதம் ஓயாத நிலையில்தான் 1891 சட்டம் பெண்களின் சம்மத வயதை, அதாவது உடலுறவுக்குச் சம்மதிக்கச் சட்டம் ஏற்கும் வயதை, 10இலிருந்து 12ஆக உயர்த்தியது. இன்று கேட்டால் வயிறு எரிகிறது, அன்று அதற்கே அத்தனை எதிர்ப்பு.

அங்கிருந்து வடக்கே ஒன்றரை கிலோமீட்டருக்குள் காமா ஆஸ்பத்திரி, மெட்ரோ சினிமா பக்கம். பெஸ்தோன்ஜி காமாவின் நன்கொடையில் 1886இல் திறந்தது. பெண் நோயாளிகளுக்குப் பெண் மருத்துவர் என்பதே நோக்கம். பொறுப்பேற்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் எடித் பீச்சி, ருக்மாபாய் லண்டனில் மருத்துவம் படிக்கத் துணை நின்றார். ருக்மாபாய் பிறகு சூரத்தில் மருத்துவரானார். பிரசவத்துக்கு வந்தவர்கள் இருக்கும் இடம். கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

மரைன் லைன்ஸ் நோக்கி நடந்தால் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம். பெண் கல்விக்காக உழைத்த சீர்திருத்தவாதி கார்வே 1916இல் புனேயில் தொடங்கியது, 1936இல் இங்கே வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசலைத்தான் பார்க்கலாம்.

இனி ரயில். மரைன் லைன்ஸில் ஸ்லோ வண்டியையே பிடியுங்கள். ஃபாஸ்ட் வண்டி கிராண்ட் ரோட்டில் நிற்காமல் போகக்கூடும். மேற்கு வாசலில் இறங்கி காம்தேவிக்கு நடந்தால், பண்டித ரமாபாய் சாலையில் 1908இல் தொடங்கிய பெண்கள் நல அமைப்பான சேவா சதன். சாலைக்குப் பெயர் கொடுத்த சீர்திருத்தவாதி ரமாபாய் 1889இல் சௌபாத்தியில் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற பள்ளியைத் திறந்தார். அடுத்த ஆண்டே அது புனே போய்விட்டது. அதன் முதல் மாணவி கோதுபாய், கணவரை இழந்த இளம்பெண். அவரை 1893இல் மணந்தவர்தான், சற்றுமுன் சொன்ன கார்வே. சாலைப் பலகையைப் படிக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே காந்தி மும்பையில் தங்கிய மணி பவன், தாராளமாக உள்ளே போய்ப் பார்க்கலாம். அதையடுத்து ஆகஸ்ட் கிராந்தி மைதானம். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் 1942 ஆகஸ்ட் 9 அன்று அருணா ஆசஃப் அலி கொடியேற்றிய இடம். அதே மாதம் 22 வயது உஷா மேத்தா இந்நகரில் ரகசிய வானொலி நடத்தினார். வானொலியில் பேசிக்கொண்டு அவரைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்டதனம். ஆகஸ்ட் 9 அன்று மட்டும் மைதானத்துக்குப் போக வேண்டாம். அரசு விழாவும் போலீஸ் பந்தோபஸ்தும் இருக்கும்.